மீன் தின்னாமல் இருக்கும் மூன்று விதம்

பணி ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. முத்தையாபுரத்தில் என் வீட்டிலிருந்து டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் யாராவது ஒருவர் என்னை நிறுத்திவிடுவார்.

"அண்ணாச்சி, வீட்டுத் தொட்டியில மீனு ஒண்ணுமே திங்க மாட்டேங்கு. இந்த மருந்த ஊத்தலாமா?"

மருந்து பாட்டில் ஏற்கெனவே அவர் கையில் இருக்கும். முதலில் அதைப் பையில் போடச் சொல்வேன். பிறகு, "மூணுல எது?" என்று கேட்பேன். அவர் திருதிருவென்று விழிப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படி விழித்தவன்தான் என்பதால் எனக்குக் கோபம் வருவதில்லை. மற்ற விஷயங்களில் பொசுக்கென்று வரும், என் மனைவி பாக்கியத்தைக் கேட்டால் பட்டியலே தருவாள்.

முப்பத்து நாலு வருடம் தூத்துக்குடியில் கடல் மீன் வளர்ப்பு மையம் ஒன்றில் மீன்களுக்குத் தீனி போட்டேன். உத்தியோகப் பெயர் நாலு தடவை மாறியது, வேலை ஒன்றுதான். இப்போது அங்கே தீனி போட எந்திரம் வந்துவிட்டது. நேரத்தைக் குறித்து வைத்தால் அதுவே அளந்து போடுகிறது. "சார், எந்திரம் சரியாத்தான் போடுது, ஆனா மீன் தின்னுதா இல்லையான்னு அதுக்குத் தெரியல. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று மையத்தில் இப்போது இருப்பவர்கள் கேட்டார்கள். எந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. அது லீவு போடுவதில்லை, வாளியைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு உட்காருவதும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொட்டி கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும்தான் என் வேலை. ஒரு வருடம் கழித்துத் தீனி வாளி என் கைக்கு வந்தது. வந்த மூன்றாம் வாரமே ஒரு தொட்டி மீனைக் கொன்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

கோமாளி மீன் என்று ஒன்று உண்டு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டு, விரல் நீளம்தான் இருக்கும். தொட்டிப் பக்கம் ஆள் வந்தாலே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உடம்பை ஆட்டிக் கேட்கும். பார்த்தால் பாவமாக இருக்கும். நானும் கேட்கும்போதெல்லாம் போட்டேன். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கிக் கிடந்தது, மீன்கள் மேலே மிதந்தன. மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிட்டது.

அப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்தவர் கஸ்தூரி மேடம். விஞ்ஞானி. எனக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை, ஆனாலும் அவர் முன்னால் நிற்கும்போது பள்ளிக்கூடத்து நினைப்பு வந்துவிடும். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. செத்த மீன்களை எண்ணி நோட்டில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், "செல்லத்துரை, மீன் கேட்குறது பசியில இல்ல. உங்களைப் பார்த்த பழக்கத்துல. பசியை வயித்துல பாருங்க, முகத்துல பார்க்காதீங்க" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேடத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தொட்டியில் கோளாறு என்றால் யார் சொல்வதையும் உடனே கேட்க மாட்டார். நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கண்ணாடியைத் தட்ட மாட்டார், பேச மாட்டார். பத்து நிமிடம். எவ்வளவு பெரிய அதிகாரி பக்கத்தில் நின்றாலும் அந்தப் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் அந்த நேரத்தில் ஏதோ கேட்டார். மேடம் திரும்பவே இல்லை. அந்த அதிகாரியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

'மீன் சாப்பிடவில்லை' என்று யாரும் அவரிடம் சொல்லக் கூடாது, நோட்டிலும் எழுதக் கூடாது. "சாப்பிடலன்னா எது? மூணுல எது?" என்பார்.

தீனி போட்டதும் மீன் அதன் பக்கமே வரவில்லையா? அப்படியென்றால் பயமோ நோயோ தண்ணீர்க் கோளாறோ இருக்கிறது, தீனியை மாற்றிப் பயனில்லை. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? பசி இருக்கிறது, ஆனால் அது தீனி என்று மீனுக்குத் தெரியவில்லை. கடலில் பார்த்த உருவத்தில் கொடுக்க வேண்டும். வாயில் வாங்கித் துப்புகிறதா? மீன்மேல் குற்றமில்லை, நாம் கொடுத்ததில் ஏதோ இருக்கிறது.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். நின்று பார்ப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது வகைக்கு ஓர் உதாரணம். ஒரு தடவை வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று வந்தது. மஞ்சளாய், தட்டையாய், நீட்டிய மூக்கோடு இருக்கும். ஒன்பது நாள் எதையும் தொடவில்லை. இறாலைப் போட்டேன், வந்தது, பார்த்தது, போய்விட்டது. மட்டிச் சிப்பியின் சதையை நறுக்கிப் போட்டாலும் அதே கதைதான். மேடம் பத்து நிமிடம் நின்றுவிட்டு, "இது கடல்ல எங்க தின்னும்?" என்று கேட்டார். பாறை இடுக்கில் கொத்தித் தின்னும் என்றேன். "அப்ப நடுத் தண்ணில மிதக்க விட்டா அதுக்கு என்ன தெரியும்?" செத்த பவளக்கல் ஒன்றை எடுத்து, அரைத்த மட்டிச் சதையை அதன் பொந்துகளில் அப்பி உள்ளே இறக்கினோம். கால்மணி நேரத்தில் அது மூக்கை நுழைத்துக் கொத்த ஆரம்பித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்தில் நின்ற வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்.

இப்படி வருடங்கள் போயின. மீன் தீனி என்றால் செல்லத்துரை என்று ஆயிற்று. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

ஓய்வு பெற ஐந்து வருடம் இருக்கும்போது மையம் ஒரு திட்டம் தொடங்கியது. நாங்கள் முட்டையிலிருந்து பொரிக்கவைத்த கோமாளி மீன் குஞ்சுகளைக் கடற்கரைப் பெண்கள் குழுவிடம் கொடுப்போம். அவர்கள் விற்கிற அளவுக்கு வளர்ப்பார்கள். புன்னைக்காயல் போகும் வழியில் ஒரு மீனவக் குடியிருப்பில் முதல் கொட்டகை போட்டோம். பத்துப் பெண்கள், பன்னிரண்டு தொட்டி. அவர்களுக்குத் தீனிப் பயிற்சி கொடுத்தவன் நான்.

குழுவுக்குத் தலைவி ஜசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும், வெடுக்கென்று பேசுகிற பெண். கணவர் சங்கு குளிக்கப் போனவர், காது இரண்டும் கெட்டுப்போய் இனித் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று ஆகிவிட்டது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஜசிந்தா இறால் கம்பெனியில் ஐஸில் நின்று தலை கிள்ளும் வேலையில் இருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்திருக்கும். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் இதற்கு வந்தாள். "இது நெலைக்கலன்னா திரும்பவும் ஐஸுக்குத்தான் அண்ணாச்சி" என்று பயிற்சியின் முதல்நாளே சொன்னாள்.

முதல் மாதம் தண்ணீரில் நெளியும் பொடி உயிரிகளைத் தீனியாக நாங்களே வேனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மீன்கள் நன்றாக இருந்தன. இரண்டாம் மாதம் முதல் அவர்களே கரையில் கிடைக்கும் மட்டியை உடைத்துச் சதையை நறுக்கிப் போட வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது. மீன்கள் மெலிந்தன, வாரத்துக்கு நாலைந்து செத்தன. "திங்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்று ஜசிந்தா போனில் சொன்னாள்.

மூன்றில் எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நல்லாக் கழுவித்தான போடுதீங்க?" என்றேன். "நல்லாக் கழுவித்தான் போடுதோம்" என்றாள். சரி, வந்து பார்க்கிறேன் என்று போனை வைத்தேன்.

நான் போன நாள் அந்த ஊர்க் கோயிலில் கொடியேற்றம். தெருவில் தோரணம், ஒலிபெருக்கியில் பாட்டு. கொட்டகையில் ஓர் ஆள்கூட இல்லை. தொட்டிக்கு அடியில் தின்னாத சதைத் துண்டுகள் வெளிறிக் கிடந்தன. தண்ணீர் வாடை அடித்தது. மீன்களின் வயிறு உள்வாங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீனியை மொத்தமாகக் கொட்டிவிட்டுத் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினேன். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. திரும்பும் பஸ்ஸிலேயே மனத்துக்குள் அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன்.

'மீன்கள் தீனி உண்ணவில்லை. காரணம்: உறுப்பினர்களின் கவனக்குறைவு. தொட்டிகளை வேறு ஊருக்கு மாற்றலாம்.' கையெழுத்துப் போட்டு மேடத்தின் மேசையில் வைத்தேன்.

மறுநாள் கூப்பிட்டார். அப்போது மேடம் பிரிவின் தலைவர், தலை முழுக்க நரைத்துவிட்டது. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உண்ணவில்லைன்னு எழுதியிருக்கீங்க. மூணுல எது?"

நான் எழுதியதையே திரும்பப் படித்தேன்.

"பக்கத்துல வரலையா, வந்து பார்த்துட்டுப் போச்சா, துப்புச்சா?"

"பார்க்கல மேடம்" என்றேன். அத்தனை வருடம் உழைத்த மனுஷன், வெட்கமாக இருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "மீனுக்கே பத்து நிமிஷம் குடுக்குறோம். பத்துப் பொம்பளைங்களுக்கு ரெண்டு நிமிஷம்கூடக் குடுக்கலையா? வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இந்தத் தாள் என் மேசையில இருக்கும். அதுக்கப்புறம் மேல போயிரும், தொட்டியைக் கழட்ட ஆள் வந்துருவாங்க. நான் தடுக்க முடியாது" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. புதன் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

ஜசிந்தா கொட்டகையில்தான் இருந்தாள். செத்த மீனைச் சல்லடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒளிக்காமல் சொன்னேன், இப்படி எழுதிவிட்டேன், வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் தொட்டிகள் போய்விடும் என்று. சல்லடையைக் கீழே வைத்தாள்.

"கொடியேத்தத்துக்குப் போனோம், இல்லன்னு சொல்லல. தீனி போட்டுட்டு, தண்ணிக்குள்ள காத்துக் குமிழி வருதான்னு பாத்துட்டுத்தான் போனோம். அரைமணி நேரம். ஆளில்லாத நேரத்துல வந்து பாத்துட்டு கவனக்குறைவுன்னு எழுதிட்டீய. ஒரு வார்த்த எங்ககிட்ட கேட்டீயளா அண்ணாச்சி?"

கேட்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். "இன்னைக்கு எப்பவும் போடுத மாதிரியே போடுங்க. நான் பாக்கேன்" என்றேன்.

நறுக்கிய மட்டிச் சதையை அவள் ஒரு சிட்டிகை அளவு உள்ளே விட்டாள். மீன்கள் விரைந்து வந்தன. முதல் வகை இல்லை. ஒரு மீன் துண்டைக் கவ்வியது. இரண்டாவதும் இல்லை. இரண்டு தடவை தாடையை அசைத்தது, 'தூ' என்று துப்பியது. கீழே இறங்கிய அதே துண்டை இன்னொரு மீன் வாங்கியது, அதுவும் துப்பியது. அந்த ஒரு துண்டு நாலு வாய்க்குள் போய் வந்து தரையில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பசி இருக்கிறது. தீனி என்றும் தெரிகிறது. கொடுத்ததில்தான் ஏதோ இருக்கிறது.

கையை விட்டு அந்தத் துண்டை எடுத்தேன். மட்டிச் சதைக்கு ஒரு வாடை உண்டு, மையத்தில் அதை நறுக்கிய நாட்களில் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இதில் அந்த வாடை துளிகூட இல்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

"இதக் கழுவுதீங்கள்ல, எப்பிடிக் கழுவுதீங்க? செஞ்சு காட்டுங்க."

"நீங்க சொன்ன மாதிரிதான்" என்று ஜசிந்தா உள்ளே போய் அலுமினியச் சட்டியை எடுத்து வந்தாள். மட்டிச் சதையைப் போட்டாள். ஒரு கை கல்லுப்பு. பிறகு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி மஞ்சள் பொடி. பிசிறிப் பிசிறி அலசினாள், நல்ல தண்ணீர் ஊற்றிக் கொட்டினாள், மறுபடியும் மஞ்சள். மூன்று தடவை.

"எம் பிள்ளைக்கு ஆக்குததுக்குக்கூட ஒரு தடவதான் மஞ்ச போடுவேன். சின்னஞ்சிறு உசுரு, ஒடம்புக்கு ஆவாமப் போயிரும்னு இதுக்கு மூணு தடவ" என்றாள்.

'நல்லாக் கழுவிப் போடணும்' என்று பயிற்சியில் நூறு தடவை சொன்னவன் நான். எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு தடவைகூடச் செய்து காட்டவில்லை. மையத்தில் சதை நறுக்கிக் கட்டியாய் ஃப்ரீசரில் இருக்கும், பயிற்சியில் அதை எடுத்துப் போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு பெண்ணிடம் மீனையோ மட்டியையோ நன்றாகக் கழுவு என்றால் அவள் என்ன செய்வாள்? மஞ்சளும் உப்பும் போட்டு, கவிச்சி போகிற வரைக்கும் கழுவுவாள். அறுபதை நெருங்கும் எனக்கு இது தெரியவில்லை. ஏனென்றால் என் வீட்டு அடுப்படிக்குள் நான் தண்ணீர் குடிக்க மட்டுமே போயிருக்கிறேன்.

இந்தப் பெண்கள் கவனக்குறைவாக இல்லை. கவனம் கூடிப்போய்த்தான் இப்படி ஆனது. அதை நான் கவனக்குறைவு என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"மஞ்சள நிறுத்துங்க" என்றேன். "உப்பையும் நிறுத்துங்க. கடல் தண்ணில ஒரே ஒரு அலசு, மண்ணு போனாப் போதும்."

மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள். ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். "கவிச்சி அடிக்குமே அண்ணாச்சி."

"அந்தக் கவிச்சிதான் அதுக்குக் கொழம்பு வாசம்" என்றேன்.

புதிதாய் மட்டி உடைத்து, கடல் தண்ணீரில் அலசி, நறுக்கி, ஜசிந்தாவே போட்டாள். பத்துப் பெண்களும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். மீன்கள் வந்தன. பார்த்தன. திரும்பிப் போய்விட்டன.

ஒரு மாதமாக ஏமாந்த மீன், சதைத் துண்டைக் கண்டாலே சந்தேகப்படுகிறது. மூன்றாவது வகை இரண்டாவது வகையாகிவிட்டது. துண்டுகள் மெல்ல இறங்கின. ஒரு மூலையில் எல்லாவற்றிலும் சிறிய மீன் ஒன்று, மற்றவை விரட்டி விரட்டிச் செட்டை கிழிந்தது, தனியாகக் கிடந்தது. ஒரு துண்டு அதன் முன்னால் வந்து இறங்கியது. கவ்வியது. தாடை அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. துப்பவில்லை. மேலே நீந்தி வந்து இன்னொன்றைப் பிடித்தது. அதைப் பார்த்த இரண்டு மீன்கள் பாய்ந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் தொட்டியே அமர்க்களப்பட்டது.

"ஏளா, முழுங்குதுளா" என்று பின்னால் ஒருத்தி சொன்னாள். ஜசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனாள்.

அதோடு நான் எழுந்து வரவில்லை. ஒரு தடவை பட்டது போதும். மாலை வரை உட்கார்ந்து கழிவு விழுகிறதா என்று பார்த்தேன். மீன் தின்றதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மறுநாளும் போனேன். வயிறு லேசாக நிரம்பியிருந்தது. ஒரு மீனும் சாகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடத்தின் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சளில் ஆரம்பித்து என் அடுப்படி வரைக்கும். கேட்டுவிட்டுத் தாளை எடுத்துக் கொடுத்தார். நான் அதைக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீங்க. தப்பா எழுதினதுல ஒரு கோடு போடுங்க, படிக்கத் தெரியணும். அதுக்கு மேல சரியானதை எழுதுங்க. அடுத்து வர்றவங்க ரெண்டையும் படிக்கட்டும்."

கோடு போட்டேன். அதற்கு மேல் எழுதினேன்: 'வாயில் வாங்கித் துப்பின. காரணம்: கழுவும் முறை பற்றிப் பயிற்சி கொடுத்தவர் விளக்கவில்லை.' மேடம் படித்துப் பார்த்தார்.

"பயிற்சி கொடுத்தவர்னா யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்ப பேரை எழுதுங்க."

எழுதினேன். அவர் கீழே கையெழுத்திட்டார். கொட்டகை அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் பயிற்சித் தாளின் முதல் வரியே மாறியது: 'சதையைக் கடல் தண்ணீரில் ஒரு முறை மட்டும் அலசவும். மஞ்சள், உப்பு சேர்க்கக் கூடாது.' வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வருபவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள், மீன் தீனிக்கு யார் மஞ்சள் போடுவார்கள் என்று. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மேடம் எனக்கு முன்னால் ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். இதைப் படித்தால் அவருக்கு என் வணக்கம்.

போன மாதம் நடந்ததையும் எழுதிவிட்டால் முடிந்தது. எனக்கு ரத்த அழுத்தம் வந்து, டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதிலிருந்து சாப்பாட்டில் மனமில்லை. ஒரு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. பாக்கியம் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் புலம்பினாள். அப்போதுதான் ஜசிந்தா வந்தாள், கையில் ஒரு பை மட்டியோடு. இப்போது அவர்கள் கொட்டகையில் முப்பது தொட்டி. அவள் விரல்கள் ஆறி, மற்ற பெண்களின் விரல்கள் போலவே இருந்தன. இன்னும் எட்டு ஊர்களில் கொட்டகை போடப்போகிறார்களாம், அந்தப் பெண்களுக்குத் தீனிப் பயிற்சி கொடுக்க மையம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. மறுநாள் முதல் வகுப்பு.

"மொத வேலையா அவங்க முன்னால மஞ்ச போட்டுக் கழுவி மீனுக்குப் போடப்போறேன் அண்ணாச்சி. துப்புததக் கண்ணால பாக்கட்டும். தாள்ல படிச்சா சிரிச்சுட்டு மறந்துருவாங்க."

இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். "யாரு தப்புன்னு கேட்டா எம் பேரச் சொல்லு" என்றேன்.

"அதான் எழுதியே வச்சிருக்கீயளே" என்று சிரித்தாள்.

காபி கொண்டு வந்த பாக்கியம் அவளிடமும் ஆரம்பித்தாள். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்காரும்மா. எனக்குப் பயமா இருக்கு."

ஜசிந்தா காபியைக் கீழே வைத்தாள். "சாப்பிடலன்னா மூணுல எது அக்கா? சோறுன்னா பக்கத்துலயே வர மாட்டேங்காரா, வந்து பாத்துட்டு எந்திரிச்சுப் போறாரா, வாயில வச்சுட்டு வேண்டாங்காரா?"

பாக்கியம் யோசித்தாள். "நேரத்துக்கு வந்து உக்காருதாரு. ரெண்டு வாய் வைக்காரு. தட்டத் தள்ளிருதாரு."

"அப்ப மூணாவது" என்று சொல்லி எழுந்து, கேட்காமலே அடுப்படிக்குள் போனாள். சட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "இது என்ன அக்கா, வெறும் தண்ணில மீன அவிச்சு வச்சிருக்கீய?"

"டாக்டரு உப்பக் கொறைக்கச் சொன்னாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக் கூடாதேன்னு புளி, மொளகாய், எண்ணெய் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

உள்ளே ஜசிந்தா சிரித்த சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பாக்கியமும் சேர்ந்துகொண்டாள், அவளுக்கு அந்த மஞ்சள் கதை தெரியும். டாக்டருக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டார்கள், உப்பை மட்டும் பாதியாக்கினால் போதும் என்றார். பிறகு இருவரும் சேர்ந்து அந்த மட்டியை மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவி, புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தார்கள். வாசம் வந்ததும் யாரும் கூப்பிடாமலே நான் போய் உட்கார்ந்தேன்.

நான் சாப்பிட ஆரம்பித்ததும் ஜசிந்தா சுவரோரம் நின்று, கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேடத்தை அவள் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் பார்த்திருப்பாள். நான் இரண்டாம் முறை சோறு கேட்கும் வரை அப்படியே நின்றாள்.

"துப்பல அக்கா" என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஓடினாள்.